பின்கதவு வழியாக ஒரு மலைக்கு

கப்பலுக்குள் பஸ் போகும் என்று முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் நான் மதுரையை விட்டுக் கிளம்பியே இருக்க மாட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறோம். ரோடு நேராகக் கடலைப் பார்த்து இறங்குகிறது. டிரைவர் பிரேக் போடுகிற மாதிரியே தெரியவில்லை. எதிரே வாயைப் பிளந்துகொண்டு ஒரு கப்பல் நிற்கிறது.

"ஐயோ மாப்ள, நிப்பாட்டச் சொல்லுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெரியவர் துள்ளி எழுந்தார்.

"பயப்படாதீங்க அத்தை. பஸ்ஸோட அப்படியே அக்கரையில கொண்டுபோய் விட்டுருவாங்க. இங்க இதுதான் பாலம்" என்றார் மருமகன் தங்கராசு.

பக்கத்தில் மங்கி குல்லாய்க்குள்ளிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. "வாய மூடிட்டு வா பேச்சி. அம்புட்டுப் பேரும் சும்மாதான உக்காந்திருக்காக." சொன்னாரே தவிர, சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்த அவர் விரல்களில் ரத்தமே இல்லை.

நாங்கள் நார்வேக்கு ஊர் சுற்றப் போகவில்லை. மகள் ராசியின் பேறுகாலத்துக்குப் போனோம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்க வேண்டும்; அவளால் வர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் தாய்வீடு கிளம்பி அவளிடம் போனது. எந்த ஊரில் விமானம் மாறினோம், எங்கே இறங்கினோம் என்று என்னைக் கேட்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு போனவள் நான். பேத்தி நல்லபடியாகப் பிறந்து, முகம் பார்த்துச் சிரிக்கவும் ஆரம்பித்துவிட்டாள். ஊர் திரும்புவதற்கு முன்னால் வடக்குக் கடற்கரையை உங்களுக்குக் காட்டியே தீருவேன் என்று மருமகன் பிடிவாதமாக நின்றார். அவர் அங்கே கப்பல் பட்டறையில் எஞ்சினியர். ராசி பிள்ளையோடு வீட்டில் இருந்துகொண்டாள். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, அப்பாவைப் பாத்துக்க. அவரு பாட்டுக்கு நடந்து போயிருவாரு" என்றாள்.

பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள் நான். பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்தால் அதற்குப் பெயர் ஃபியார்டு என்று வருஷா வருஷம் போர்டில் வரைந்து காட்டியிருக்கிறேன். போர்டில் அது ஒரு வளைந்த சாக்பீஸ் கோடு. நேரில் பார்த்தால் இரண்டு பக்கமும் கரும்பாறை செங்குத்தாக நிற்கிறது, நடுவில் கறுப்புத் தண்ணீர், ஒரு ஈ காக்கை கிடையாது. கப்பல் மேல்தட்டில் எல்லோரும் ஆகா ஓகோ என்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்தத் தண்ணீருக்கு அடி எங்கே இருக்கும் என்ற நினைப்புதான். கீழே வந்து பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டேன்.

தங்கிய இடம் ஒரு மீன்பிடி கிராமம். சிவப்புப் பெயின்ட் அடித்த மரவீடு, கடலுக்குள் கால் ஊன்றி நிற்கிறது. படுத்தால் பலகைக்கு அடியில் தண்ணீர் களக் களக் என்று அடிக்கிற சத்தம் கேட்கும். சூரியன் அஸ்தமிக்கிற பேச்சே இல்லை. எப்போது படுப்பது, எப்போது எழுவது என்று உடம்புக்கே குழப்பம். வெளியே பந்தல் போட்டு, மீன் தலைகளை வரிசையாகக் கோத்துக் காயவைத்திருந்தார்கள். அம்புட்டும் வாயைத் திறந்துகொண்டு எங்களையே பார்த்தன. எனக்குக் குமட்டியது. இவருக்கோ சொந்த ஊருக்கே வந்துவிட்ட சந்தோஷம். "வாசத்தப் பாத்தியா! நம்ம கருவாடுதான். கத்திரிக்காய் மட்டும் இருந்தா ஒரு கொழம்பு வச்சிரலாம்" என்றார்.

சாப்பாட்டுக்கு அவித்த மீன், அவித்த உருளைக்கிழங்கு. மிளகாய் என்று ஒரு செடி உலகத்தில் முளைப்பதே அவர்களுக்குத் தெரியாது போல. பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டி வைத்தார்கள். பால்கோவா என்று நினைத்து இவர் பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். உப்பும் இனிப்பும் சேர்ந்து தாக்கியதில் துப்பவும் முடியாமல் முழுங்கவும் முடியாமல் என்னைப் பார்த்தார். நான் பருப்புப்பொடி டப்பாவையும் மாவடு பாட்டிலையும் எடுத்து வைத்தேன். தீர்கிறவரை அந்த இரண்டும்தான் எங்கள் குலதெய்வம்.

வீட்டுக்காரம்மாள் பெயர் பெரிட். ஆறடி உயரம், சிரிக்காத முகம், ஆனால் கை நிறைய அன்பு. முதல் நாள் சாயங்காலமே ஒரு விதி சொன்னாள். தங்கராசு மொழிபெயர்த்தார்: "வெளிய கிளம்புறவங்க எங்க போறோம், எப்ப வருவோம்னு இவங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போகணுமாம்."

நான் இவரைப் பார்த்தேன். இவர் முகம் செத்துப்போயிருந்தது.

எங்கள் பக்கத்தில் கிளம்புகிற ஆளை எங்கே என்று கேட்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் என் வீட்டுக்காரர் அளவுக்கு அதைக் கட்டிக்கொண்டு அழுகிறவரை நான் பார்த்ததில்லை. அவருடைய அப்பா உசிலம்பட்டிப் பக்கம் புஞ்சையில் கிணறு வெட்டக் கடப்பாரையோடு கிளம்பியபோது யாரோ "எங்கிட்டு?" என்று கேட்டுவிட்டார்களாம். கிணற்றில் தண்ணீர் வரவில்லை. அந்த வறட்டுக் கிணறு இன்னும் அங்கே வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. அதிலிருந்து, இவரை யாராவது எங்கே என்று கேட்டால் திரும்பி வந்து செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்தே ஒரு தடவை என் தம்பி கல்யாணத்து முகூர்த்தத்தைக் கோட்டைவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைக் கேட்டதில்லை. "வாரேன்" என்பார், "வாங்க" என்பேன். அதற்கு மேல் கேட்க அவசியமும் இல்லை. செல்லூரில் தறிச் சாமான் கடை வைத்திருக்கிறார். நேரமானால் எந்த டீக்கடையில் விசாரித்தாலும் ஆள் எங்கே என்று சொல்லிவிடுவார்கள்.

மறுநாள் காலையில் கூத்து ஆரம்பித்தது. இவர் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் கால் வைத்தார். "எங்கே போகிறீர்கள்?" என்றாள் பெரிட். இவர் திரும்பி வந்து, ஷூவைக் கழற்றி, உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார். குடித்தார். மறுபடி ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். முன்பு பதில் வராததால் பெரிட் மறுபடியும் கேட்டாள். மறுபடியும் ஷூ, மறுபடியும் தண்ணீர்.

"மாமா, கடற்கரைக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சு போச்சுல்ல?"

"சொல்றது பெருசில்ல மாப்ள. கேக்குறாளே, அதான் ஆகாது."

தங்கராசு அசட்டுச் சிரிப்போடு எங்கள் ஊர் வழக்கத்தை அவளுக்கு விளக்கினார். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. "எங்கள் ஊரில் கேட்காமல் விட்டால்தான் கெட்டது" என்று சொல்லிவிட்டு ரொட்டி அறுக்கப் போய்விட்டாள்.

அன்று பார்த்த கடற்கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாவு சலித்துக் கொட்டியது போல வெள்ளை மணல். பச்சைத் தண்ணீர். பின்னால் பல்லைக் காட்டிக்கொண்டு மலை, அதன் இடுக்கில் பனி. காலண்டரில் போட்டால் வீட்டில் மாட்டிவைக்கலாம். ஆனால் ஒரே ஒரு மனுஷன் கிடையாது. அழகர்கோவில் மலையில் எந்த மூலைக்குப் போனாலும் ஒரு சுண்டல்காரர் இருப்பார், குறைந்தது ஒரு குரங்காவது இருந்து பையைப் பிடுங்கும். இங்கே என் காலடிச் சத்தத்தைக் கேட்டு நானே திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இந்த இடத்தில் விழுந்தால் யார் தூக்குவார்கள் என்ற நினைப்பு வந்தது. வந்த நினைப்பு போகவே இல்லை.

மூன்றாம் நாள் படகு. பெரிட்டின் தம்பி ஆர்னே ஓட்டினார். பறவைகள் கூடு கட்டுகிற ஒரு பாறைச் சுவரைக் காட்டக் கூட்டிப்போனார். ஆயிரக்கணக்கில் பறவைகள், ஒரே இரைச்சல். சிவப்பு மூக்கும் வெள்ளை முகமுமாக ஒரு குட்டிப் பறவை, பள்ளிக்கூட விழாவில் வேஷம் கட்டிய பிள்ளை மாதிரி தத்தித் தத்திப் பறந்தது. அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கும்போது அலை ஒன்று படகைத் தூக்கிப் போட்டது. சாப்பிட்டதெல்லாம் கடலுக்குப் போயிற்று. ஆர்னே என்னைப் பார்த்துக்கொண்டே நிதானமாக ரொட்டி தின்றார். "இன்றைக்குக் கடல் நல்ல பிள்ளையாக இருக்கிறது" என்று அவர் சொன்னதாகத் தங்கராசு சொன்னார். இது நல்ல பிள்ளை என்றால் கெட்ட பிள்ளை எப்படி இருக்கும் சாமி!

திரும்பும்போது இவர் என் தோளைத் தட்டினார். நாங்கள் தங்கிய வீட்டுக்குப் பின்னால் மலை உச்சியிலிருந்து வெள்ளை நூலாக ஒரு அருவி இறங்கிக்கொண்டிருந்தது.

"பேச்சி, அங்க பாரு. நம்ம அழகர்மலைத் தீர்த்தம் மாதிரியே இல்ல? கொஞ்சம் புடிச்சிட்டுப் போயி பேத்தி நாக்குல வைக்கணும்."

"அங்கெல்லாம் ஏற முடியாது. பேசாம வாங்க" என்றேன். தலை சுற்றலில் இருந்தேன். அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் நினைக்கவில்லை.

நான்காம் நாள்தான் கடைசி நாள். தங்கராசு மறுநாள் பஸ்ஸை விசாரிக்கக் கடைத்தெருப் பக்கம் போயிருந்தார். பெரிட் முன்வாசலில் வலை உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களையின் பின்கதவு மலைப்பக்கம் திறக்கும். இவர் அங்கே குனிந்து ஷூக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். முன்வாசலில் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது, அதனால் பின்கதவு. எனக்கு விளங்கியது. சிரிப்புக்கூட வந்தது.

"வாரேன் பேச்சி."

"வாங்க."

பழக்கம்தானே. சேலையை மடித்து வைத்துக்கொண்டே சொன்னேன்.

பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியது. ஜன்னலில் பார்க்கிறேன், கடல் இல்லை. சத்தம் மட்டும் இருக்கிறது. வெள்ளைப் புகை ஒன்று தண்ணீர்மேல் ஊர்ந்து வந்து முதலில் படகுகளைத் தின்றது, அப்புறம் மீன் பந்தலை, அப்புறம் எங்கள் வாசற்படியை. வெயில் அடித்த ஊர் கொஞ்ச நேரத்தில் இல்லாமல் போனது. கதவைத் திறந்து கையை நீட்டினேன். என் வளையல் எனக்கே மங்கலாகத்தான் தெரிந்தது.

தங்கராசு மூச்சு வாங்க ஓடி வந்தார். "அத்தை, மாமா எங்க?"

பின்கதவைக் காட்டினேன்.

பெரிட் உள்ளே வந்தாள். என் தோள் இரண்டையும் பிடித்து உட்காரவைத்து, தெரிந்த இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டாள்.

"போனதைப் பார்த்தாயா?"

"பார்த்தேன்."

"எங்கே போகிறார் என்று கேட்டாயா?"

"கேட்கவில்லை."

அவள் திட்டியிருந்தால் தேவலை. நேராகப் போய்ப் போனை எடுத்தாள். ஆர்னே வந்தார், கடைக்காரர் வந்தார், மஞ்சள் ரப்பர் கோட்டுப் போட்ட மீன்காரர்கள் சிலர் கயிறும் விளக்குமாக வந்தார்கள். பின்கதவிலிருந்து மூன்று பாதை பிரிகிறது; எது எங்கே போகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒன்று பறவைப் பாறை உச்சிக்கு, ஒன்று மலை இடுக்கைத் தாண்டி அந்தப் பக்கத்துக் கடற்கரைக்கு, இன்னொன்று அருவிக்கு. அவர்கள் பேசிக்கொண்டதைத் தங்கராசு சொல்ல மாட்டேன் என்றார். நான் வற்புறுத்தினேன்.

"எங்கன்னு தெரிஞ்சா எல்லாருமா ஒரே பக்கம் போகலாமாம் அத்தை. தெரியாததால மூணாப் பிரியணுமாம். இந்த மூட்டத்துல ஆளு கம்மியா மேல ஏறுறது ஆபத்தாம்."

தங்கராசும் கோட்டை மாட்டினார். நான் அவர் கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "நீங்க போகாதீங்க மாப்ள. ராசிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

"மாமாவ நான் தேடாம வேற யாரு அத்தை தேடுவா? விடுங்க" என்று பிடியை விலக்கிவிட்டுப் பறவைப் பாறைக்குப் போகிறவர்களோடு போனார். மூன்று அடி போனதும் அவரும் வெள்ளைக்குள் மறைந்தார்.

என் வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை. மீனாட்சித் தாயே, கள்ளழகா என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது, மனசு மட்டும் மலையில் ஒவ்வொரு பாறையாக அவரை உருட்டிவிட்டுக்கொண்டிருந்தது. கை தாலியைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. செல்லூரில் கடையைத் திறக்க வேண்டுமே, சாவி எங்கே வைத்திருக்கிறார் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்புக்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

பெரிட் காபி வைத்தாள். கதவையே பார்த்துக்கொண்டு வாங்கியதில் மேலே கொட்டிக்கொண்டேன். கழுவுவதற்கு அடுக்களைக்குப் போனேன். தொட்டிக்கு மேலே ஜன்னல் பலகையில் முந்தின நாள் மாவடு தீர்ந்ததும் நான் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். மூடி இல்லை. பாட்டிலும் இல்லை. பலகையில் வட்டமாக ஈரத் தடம் மட்டும் காய்ந்து கிடந்தது.

பேத்தி நாக்குல வைக்கணும்.

"அருவி!" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். பிறகு இங்கிலீஷில், பிறகு பெரிட்டை ஜன்னலுக்கு இழுத்துப்போய், ஒன்றுமே தெரியாத வெள்ளையைக் காட்டி, கையை மேலிருந்து கீழே இறக்கி, குடிக்கிற மாதிரி செய்து காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. படகுத்துறைக்கு ஓடினாள். ஆர்னேயின் படகிலிருந்து சங்கு ஊதுகிற மாதிரி ஹாரன் அலறியது. விட்டு விட்டு அலறியது. பிரிந்து போனவர்கள் திரும்பி வருவதற்கான சத்தம் அது. குரல்கள் நெருங்கின. யாரோ என்னைத் தாண்டி ஓடினார்கள், தங்கராசு குரல் கேட்டது, எல்லா விளக்கும் ஒன்றாக மலைப்பக்கம் ஏறி மறைந்தன.

நான் பின்கதவில் நின்றேன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. போர்வையைப் போர்த்தினாள் பெரிட், என் பக்கத்திலேயே அவளும் நின்றாள். ஹாரன் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.

முதலில் வந்தது சிரிப்புச் சத்தம். ஆர்னே சிரிக்கிற சத்தம். சிரிக்கிறார் என்றால் இவருக்கு உயிர் இருக்கிறது. ஆர்னேயின் தோளில் தொங்கிக்கொண்டு வந்தார் என் வீட்டுக்காரர். ஒரு கால் ஷூவைக் காணோம். முழங்கால் கிழிந்து ரத்தம். மங்கி குல்லாய் முழுக்கச் சேறு. நெஞ்சோடு அணைத்த கையில் மாவடு பாட்டில், நிறையத் தண்ணீர்.

அருவிக்கு ஏறிவிட்டாராம். தண்ணீர் பிடித்து மூடியிருக்கிறார், மூட்டம் வந்துவிட்டது. இறங்கலாம் என்று கால் வைத்த இடம் வழுக்கிச் சறுக்கிக்கொண்டே போய் ஒரு புதரில் சிக்கி நின்றார். அங்கிருந்து ஒரு கை தூரத்தில் மலையே முடிந்துவிடுகிறது என்று ஆர்னே சொன்னதைத் நாங்கள் ஊருக்கு வந்த பிறகுதான் தங்கராசு எனக்குக் கடிதத்தில் எழுதினார்.

என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? கட்டிப்பிடித்து அழுதேன் என்றா? அத்தனை பேர் முன்னாலும் அவர் நெஞ்சில் குத்தினேன். "அறிவு கெட்ட மனுசா! எங்க போறேன்னு சொல்லித் தொலைச்சா என்ன?" அப்புறம்தான் அழுகை வந்தது.

அவர் வலியைக்கூடப் பார்க்காமல், திக்கித் திக்கிச் சொன்னார். "கத்துனேன் பேச்சி. இங்கதான் இருக்கேன், அருவிகிட்ட இருக்கேன்னு கத்திக்கிட்டே கெடந்தேன். ஒருத்தருக்கும் கேக்கல."

இவர் என்ன சொன்னார் என்று பெரிட் கேட்டாள். தங்கராசு சொன்னார். அவள் இவருடைய தலையில் கையை வைத்து, சின்னப் பிள்ளையைத் தடவுகிற மாதிரி ஒரு தடவு தடவிவிட்டு, காயத்துக்கு வெந்நீர் எடுக்கப் போனாள்.

மறுநாள் பஸ்ஸுக்கு நொண்டிக்கொண்டே முன்வாசல் வழியாகத்தான் வந்தார். பெரிட் கதவருகில் நின்றாள். வழக்கப்படி கேட்டாள். இவர் திரும்பிப் போய் உட்காரவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. "மதுரை" என்றார். அவள் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள். பஸ் மறுபடியும் கப்பலுக்குள் போனபோது நான் கூச்சல் போடவில்லை. பயம் இல்லாமல் இல்லை. இவருடைய கையைப் பிடித்திருந்தேன், அவ்வளவுதான். மகள் வீட்டுக்குப் போனதும் அந்தத் தண்ணீரை ராசி காய்ச்சி ஆறவைத்து ஒரு சொட்டுப் பேத்தி நாக்கில் வைத்தாள். அது முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டது.

மதுரைக்கு வந்து சேர்ந்த மறுநாள் காலை. நான் பள்ளிக்கூடத்துக்குச் சேலை கட்டிக்கொண்டிருந்தேன். "வாரேன்" என்ற குரல் கேட்டது. "வாங்க" என்றேன். செருப்புச் சத்தம் வாசலோடு நின்றுவிட்டது. எதையோ மறந்துவிட்டார் என்று எட்டிப் பார்த்தேன். கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி படியில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன, ஏன் நிக்கிறீங்க?"

"நீ இன்னும் கேக்கலயே."

எதிர்வீட்டு அக்கா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று சத்தமாகவே கேட்டேன். "எங்க போறீங்க?"

எதிர்வீட்டு அக்கா கோலமாவோடு வாயில் கையை வைத்தாள்.

"செல்லூருக்கு. கடைக்கு. சாயங்காலம் வாரப்ப கீரை வாங்கிட்டு வாரேன்" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, இன்னும் லேசாக நொண்டுகிற காலோடு நடந்தார். இப்போதெல்லாம் தினமும் கேட்கிறேன், தினமும் சொல்கிறார். சொன்ன இடத்துக்குத்தான் போகிறார் என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்றுவிட்டுத்தான் உள்ளே வருகிறேன்.